வேண்டாமக்கா ‘வேண்டும்’ என்று சொன்ன காலம்

அவளுடைய வேலையே வேண்டாம் என்று சொல்வதுதான். அதற்குத்தான் சம்பளம். அதனால் பட்டறையில் எல்லோரும் அவளை வேண்டாமக்கா என்றே கூப்பிட்டோம். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. அதற்கும் ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாளாம். அது மட்டும் எடுபடவில்லை.

எங்கள் பட்டறையில் கைக்கடிகாரத்துக்கு முகம் செய்கிறோம். கடிகாரம் செய்பவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். சக்கரம், சுருள், பட்டை எதுவும் எங்கள் கண்ணில் படுவதில்லை. முள்ளுக்குப் பின்னால் வட்டமாக, தட்டையாக டயல் என்று ஒன்று இருக்கிறதே, அது மட்டும்தான் எங்கள் பாடு. அதிலும் சாதாரண டயல் இல்லை, கல் டயல். மண்ணுக்குள் சிவனே என்று கிடந்த கல்லைத் தோண்டி எடுத்து வருவார்கள். அதை நகத்தளவு மெல்லிசாகச் சீவி, மெருகேற்றி, பித்தளைத் தகட்டில் ஒட்டி, நடுவில் முள் நுழைய ஓட்டை போட்டு அனுப்புவோம். பச்சைக்குள் பச்சையாக வளையம் ஓடும் மாலகைட், மையைக் கொட்டியதுபோன்ற நீல லாபிஸ், அசைத்தால் மஞ்சள் கோடு கூடவே நகரும் புலிக்கண் கல், கன்னங்கரேலென்று ஓனிக்ஸ். எப்போதாவது வானத்திலிருந்து விழுந்த விண்கல் ஒரு துண்டு வரும். அன்றைக்கு முதலாளியே நேரில் நின்று பெட்டியைத் திறப்பார், வீட்டுக்கு மருமகன் வந்து இறங்கியதுபோல.

கல்லைச் சீவுகிறவனுக்கு அறுவை என்று பெயர். தொழிலை வைத்து வந்த பெயர் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அவனோடு ஒரே ஒருமுறை உட்கார்ந்து தேநீர் குடித்தவர்களுக்கு உண்மை தெரியும். சீவிய கல்லைத் தகட்டில் ஒட்டுகிறவள் நான். என்னைப் பசை என்பார்கள். பசை என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. அது என்னிடம் இருந்ததில்லை.

அறுவைக்கும் எனக்கும் நடுவில் இருந்தது வேண்டாமக்காவின் மேஜை. ஜன்னலை ஒட்டிய மேஜை அது. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்து, ஒவ்வொரு சில்லையும் இடுக்கியில் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்ப்பாள். புள்ளி இருக்கிறதா, திட்டு இருக்கிறதா, மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று தேடுவாள். இருந்தால் காலடியில் இருக்கும் நீலப் பெட்டியில் போய் விழும். இருபதில் மூன்று தேறினால் அது நல்ல நாள்.

அறுவைக்கு ஒவ்வொரு சில்லும் பெற்ற பிள்ளை மாதிரி. பெட்டியில் டக்கென்று சத்தம் கேட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்துவிடுவான். அவன் மட்டும் அவளை மேடம் என்பான்.

“என்ன மேடம் குறை இதுல?”

“மச்சம்.”

“மச்சம் இல்ல மேடம், அது கல்லோடவே பொறந்த மினுக்கு. லாபிஸ்னா தங்கம் தெளிச்ச மாதிரி அங்கங்க இருக்கத்தான் செய்யும்.”

“அங்கங்க இருந்தா சரி. இதுல பாருங்க, எல்லாம் மூணு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவுல வந்து கூட்டம் போட்டு நிக்குது. பஸ்ஸுக்கா நிக்குது? வேண்டாம்.”

“நான் அந்தக் கல்லை எப்படி அறுத்தேன்னு தெரியுமா? காலையில முதல்ல தண்ணியைத் திறந்தேன். தண்ணி கொஞ்சம் கலங்கலா வந்துச்சு. சரின்னு…”

“போங்க. போய் அடுத்ததை அறுங்க. என்னை அறுக்காதீங்க.”

இந்த வேண்டாம் பழக்கம் வேலையிலிருந்து வீட்டுக்குப் போனதா, வீட்டிலிருந்து வேலைக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவளும் அம்மாவும் தனியாக இருந்தார்கள். அம்மா வீட்டிலேயே பழைய துணிகளைப் பிரித்துத் தைத்துக்கொடுப்பவள். பெண்ணுக்கு வரன் பார்த்துப் பார்த்துத் தைத்ததைவிட அலைந்தது அதிகம். வருகிறவனை வேண்டாமக்கா ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்வாள். காற்று நன்றாக வரும் என்பாள். காற்றுக்காக இல்லை, வெளிச்சத்துக்காக. ஒருத்தன் சிரித்தால் தண்ணீர் இல்லாத மோட்டார் ஓடுவதுபோல இருந்தது, வேண்டாம். இன்னொருத்தன் கைக்குட்டையில் மூக்கைத் துடைத்துவிட்டு அதைப் பிரித்துப் பார்த்தான், வேண்டாம். கடைசியாக வந்தவனிடம் சொல்லும்படி ஒன்றுமே இல்லை. நல்ல வேலை, நல்ல பல், அளவான பேச்சு. அவனையும் வேண்டாம் என்றாள். ஒரு குறையும் வெளியே தெரியாத ஆள் உள்ளே எதையோ பதுக்கி வைத்திருக்கிறான் என்றாள்.

“நீ மாப்பிள்ளை பாக்குறியா, டயல் பாக்குறியா?” என்று அம்மா கத்தினாள்.

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஒட்டிட்டா அப்புறம் பிரிக்க முடியாது.”

“ஒருநாள் அவங்க உன்னை வெளிச்சத்துல வெச்சுப் பாக்கட்டும். அப்ப தெரியும் சேதி.”

இப்படியே அவளுக்கு நாற்பது நெருங்கியது. நீலப் பெட்டி நிறைந்து பின்கட்டுக்குப் போகும், காலிப் பெட்டி வரும், அதுவும் நிறையும். உலகம் இப்படியே போயிருக்கும், ஒரு டயல் திரும்பி வராமல் இருந்திருந்தால்.

திரும்பி வந்தது மாலகைட் டயல். வாங்கியவர் அடுக்குமாடி கட்டி விற்பவர். அதைக் கையில் கட்டிக்கொண்டு நண்பர்களோடு சாப்பிடப் போயிருக்கிறார். அவர்களில் ஒருவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லா பிரிண்ட் பண்ணியிருக்கான்பா” என்று சொல்லிவிட்டார். வளையங்கள் அவ்வளவு சீராக இருந்தன. ஒரு புள்ளி இல்லை, ஒரு பிசிறு இல்லை. மனிதர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாராம். மறுநாள் கடைக்குப் போய் மேஜையைக் குத்தியிருக்கிறார். கடைக்காரர் கடிகாரக் கம்பெனியைப் பிடிக்க, கம்பெனி எங்கள் முதலாளியைப் பிடித்தது.

முதலாளி அந்த டயலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் நடுவில் வந்து நின்றார். அழுக்கு என்று திட்டு வாங்கியிருக்கிறார், உடைந்தது என்று வாங்கியிருக்கிறார். இது அவருக்குப் புதிது.

“சுத்தமா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க,” என்றார். அழுதுவிடுவார்போல இருந்தது.

அதன் பிறகுதான் சென்ட் சார் வந்தார். முதலில் வாசனை வரும். பிறகு காலணிச் சத்தம். கடைசியாக அவர். விற்பனை ஆலோசகர் என்று முதலாளி அறிமுகப்படுத்தினார். கையில் கடிகாரம் கட்ட மாட்டார். மணி பார்க்க வேண்டுமென்றால் போனை எடுப்பார்.

வந்த அன்றே பட்டறையைச் சுற்றிப் பார்த்தவர், வேண்டாமக்காவின் காலடியில் குனிந்து நீலப் பெட்டியை இழுத்தார்.

“இது என்ன?”

“குப்பை சார்.”

“யார் சொன்னது?”

“நான்தான் சார் சொன்னேன்.”

அவர் ஒரு லாபிஸ் சில்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் சாம்பல் திட்டு. ஓரத்தில் ஒரு விரிசல். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார்.

“இது குப்பை இல்லம்மா, பொக்கிஷம். பெரிய பணக்காரங்களுக்கு எல்லாமே குறையில்லாம கிடைச்சிடுது. வீடு, கார், சாப்பாடு, எல்லாம். அவங்க எதுக்கு ஏங்குறாங்க தெரியுமா? குறைக்கு. ஒரு நிஜமான குறைக்கு.”

“எங்க வீட்டுல நிறைய இருக்கு சார், வந்து எடுத்துக்கச் சொல்லுங்க,” என்றான் அறுவை. நாங்கள் சிரித்தோம். சென்ட் சார் சிரிக்கவில்லை. அவர் எதையும் கெட்டியாக நம்புகிற ஆள். மதியம் வேறொன்றை நம்பச் சொன்னாலும் அதே கெட்டியில் நம்புவார்.

‘பூமியின் கையெழுத்து’ என்று ஒரு வரிசை தொடங்கியது. எங்களுக்குப் புதுப் பேச்சு கற்றுக்கொடுத்தார்கள். விரிசலை விரிசல் என்று சொல்லக் கூடாது, நதி. திட்டு இருந்தால் மேகம். குழி விழுந்திருந்தால் சுவாசம். என் மேஜையில் ஒரு சுவாசத்தின் வழியாகப் பசை பிதுங்கி மேலே வந்துவிட்டது. இதற்கு என்ன பெயர் சார் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்தான்.

வேண்டாமக்காவை வேண்டும் என்று சொல்லச் சொன்னார்கள். குப்பையிலிருந்து நல்ல குப்பையைப் பொறுக்க வேண்டும். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளுக்குக் கண்ணாடி வைத்த தனி அறை வந்தது. அதில் ஒரு சுழல் நாற்காலி வந்தது. அதன் பிறகு போட்டோ எடுக்கிறவன் வந்தான்.

அவளைக் கன்னத்தில் கை வைக்கச் சொன்னான், எடுக்கச் சொன்னான், தூரத்தில் மலையைப் பார்ப்பதுபோலப் பார்க்கச் சொன்னான். அங்கே மலை இல்லை, மின்பெட்டிதான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அந்தப் படம் ஒரு கெட்டி அட்டையில் அச்சாகி ஒவ்வொரு கடிகாரப் பெட்டிக்குள்ளும் போனது. பெட்டியின் மூடியிலும் சின்னதாக அதே படம். கீழே, ‘இந்த நதியைக் கண்டெடுத்தவர்’. அதற்கும் கீழே அவள் கையெழுத்து. முதலில் கோழி கிளறியதுபோல இருந்த கையெழுத்து, பழகப் பழக வால் முளைத்து, வளைந்து, கடைசியில் ஒரு சுழியோடு முடியத் தொடங்கியது.

அம்மா அந்த அட்டையைத் தையல் இயந்திரத்துக்கு மேலே சுவரில் குத்தி வைத்தாள். “இத்தனை வருஷம் வேண்டாம் வேண்டாம்னு சொன்னப்ப ஒருத்தனாவது போட்டோ எடுத்தானா? இதைத்தான்டி நானும் தலைதலையா அடிச்சுக்கிட்டேன்,” என்றாளாம்.

அப்புறம் ஆள் மாறிவிட்டாள். கழுத்தில் ஒரு பட்டுத் துணி ஏறியது. பேச்சில் சென்ட் சார் ஏறினார். நான் ஒட்ட வேண்டிய சில்லுகளைத் தட்டில் வைத்துக் கொடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை சொல்வாள்.

“இந்த மேகம் கொஞ்சம் கூச்ச சுபாவம், பசை. பாத்து ஒட்டு.”

“சரிக்கா.”

“இந்த நதிக்குத் தன்னம்பிக்கை பத்தலை. இருந்தாலும் போகட்டும், பாவம்.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. நிஜமாகவே சொன்னாள்.

குறையில்லாத சில்லுகளை என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? அவைதான் இப்போது நீலப் பெட்டிக்குப் போயின. முதன்முதலில் அப்படிப் போட்டதை நான் கண்ணாடி வழியே பார்த்தேன். ஒரு மாலகைட் சில்லு. அறுவை அன்றைக்கு என்ன மனநிலையில் அறுத்தானோ, நடு ஓட்டையைச் சுற்றி ஒவ்வொரு வளையமும் தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்தது. முன்பென்றால் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருப்பாள். இடுக்கியில் பிடித்துத் திருப்பினாள். திரும்பத் திரும்பத் திருப்பினாள். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து, சத்தம் வராமல் பெட்டிக்குள் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். அறுவை அதற்கும் இயந்திரத்தை நிறுத்தினான். ஆனால் வந்து கேட்கவில்லை.

சரக்கு பறந்தது. நல்ல டயலுக்குக் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு கொடுத்துக் கெட்ட டயலை வாங்கிப்போனார்கள். பின்கட்டில் வருஷக்கணக்காகக் கிடந்த பெட்டிகளெல்லாம் காலியாகிவிட்டன. குறை தீர்ந்துபோனது. இத்தனை காலம் அவள் திட்டித் திட்டி அறுவையை நன்றாக அறுக்கப் பழக்கியிருந்தாள். இப்போது அதுவே வினையாகிவிட்டது.

“கொஞ்சம் கெடுத்துக் குடுங்களேன்,” என்றார் சென்ட் சார்.

“கை வர மாட்டேங்குது சார்.”

“முயற்சி பண்ணுங்க. உங்களால முடியும்.”

அறுவை முயற்சி செய்தான். சில்லு இரண்டாக உடைந்தது, மூன்றாக உடைந்தது, ஆனால் நதி ஓடவில்லை. கடைசியில் சென்ட் சாரே வழி கண்டுபிடித்தார். சில்லைச் சூடாக்கிக் குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டும். போட்டதும் சுர்ரென்று மெல்லிய கோடுகள் ஓடின. முதலாளி கைதட்டினார்.

வேண்டாமக்கா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். பழைய ஆள் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தாள்.

“இது நதி இல்ல சார். சுட்ட காயம். பாக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும். வேண்டாம்.”

“தெரிஞ்சா நான் மீசையை எடுத்துடறேன்,” என்றார் அவர். அவருக்கு மீசை இல்லை.

மிச்சமிருந்த ஒன்றிரண்டு அசல் குறைகளோடு இதையும் கலந்து அனுப்பினார்கள். சுட்ட காயங்கள் முதலில் விற்றன. கல்லிலேயே பிறந்த சாம்பல் மேகத்தோடு போன லாபிஸ் ஒன்று மட்டும் திரும்பி வந்தது. ‘பார்த்தால் செயற்கையாக இருக்கிறது’ என்று காரணம் சொல்லியிருந்தார்கள். அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அன்றிலிருந்து சுட்ட காயத்துக்கும் கையெழுத்துப் போட்டாள். சுழி இன்னும் அழகாக வந்தது.

வாடிக்கையாளர்களைப் பட்டறைக்கே கூட்டிவந்து காட்டுவது சென்ட் சாரின் அடுத்த யோசனை. முதலில் வந்தவர்கள் ஒரு ஐஸ் தொழிற்சாலைக்காரரும் அவர் மனைவியும். எங்களையெல்லாம் புது அங்கி மாட்டி நிற்க வைத்தார்கள். அறுவை வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. வேண்டாமக்கா கண்ணாடி அறையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சில்லை எடுத்து நீட்டி, இந்த நதி எத்தனை யுகங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது தெரியுமா என்றாள். அதற்கு முந்தைய நாள்தான் அது தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

அந்த அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு ஒரு நல்ல கேள்வி கேட்டாள். “இந்தக் கோடு வளருமா?”

வேண்டாமக்கா சென்ட் சாரைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளைப் பார்த்தாள்.

“வளரும்,” என்றாள்.

முதலாளியின் முகம் வெளிறிப்போனது. ஆனால் சென்ட் சார் ஒரு அடி முன்னால் வந்தார். “வளரும்மா! உங்ககூடவே வளரும். ஒரு குழந்தை மாதிரி.”

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கொன்று, கணவருக்கொன்று என்று இரண்டு எடுத்துக்கொண்டாள். மறுவாரமே ‘உயிருள்ள டயல்’ என்று புது அட்டை அச்சடித்தார்கள்.

அவர்கள் வந்துபோன அன்று மதியம் சாப்பாட்டு அறையில் அறுவை தட்டோடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன்.

“மேடம், அந்தக் கோடு வளர்ந்து எங்க போய் நிக்கும்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“எங்க?”

“நடு ஓட்டையில.”

“அப்புறம்?”

“சில்லு பேந்துக்கும். முள்ளுல சிக்கும். கடிகாரம் நிக்கும்.”

“எல்லாம் தெரிஞ்சும் ஏன் மேடம் கையெழுத்துப் போடுறீங்க?”

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். “இத்தனை வருஷம் நான் சரியாத்தான் வேண்டாம்னு சொன்னேன். ஒருத்தர் வந்து, நல்லா சொன்னேன்னு சொன்னதில்ல. நீங்களே வந்து சண்டை போட்டீங்க. இப்ப தப்பா வேணும்னு சொல்றேன். முன்னப்பின்ன தெரியாதவங்க என் கையைப் பிடிச்சுக் குலுக்குறாங்க. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க.”

எதற்கும் பதில் வைத்திருக்கிற அறுவை எழுந்தான். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான். நெடுநேரம் கழுவினான்.

கடிகாரங்கள் நிற்க ஆரம்பித்தன. முதலில் நின்றது ஐஸ்காரருடையது. அவர் விமான நிலையத்தில் உட்கார்ந்து மணி பார்த்திருக்கிறார். நிறைய நேரம் இருந்தது. ஒரு காபி குடித்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் அதே அளவு நேரம் இருந்தது. விமானம் கிளம்பிப் போய்விட்டது. அவர் மணிக்கட்டில் மட்டும் இன்னும் கிளம்பவில்லை. அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. சில்லு பெயர்ந்து முள்ளை மறித்தவை, முள்ளையே வளைத்தவை, இரண்டு முள்ளும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நின்றவை. என் மேஜையில் கொண்டுவந்து குவித்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது.

சென்ட் சார் முதலில் ‘காலமே நின்று ரசிக்கும் கணம்’ என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். அடுத்த வாரம் ஒரு தோல் பை கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே சம்பளம் அதிகம் என்று கேள்வி. வாசனை மட்டும் கொஞ்ச நாள் இங்கேயே இருந்தது.

முதலாளி வேண்டாமக்காவைக் கூப்பிட்டார்.

“உங்க படம்தான் பெட்டியில இருக்கு. உங்க கையெழுத்துதான் இருக்கு. ஜனங்க உங்களைத்தான் கேக்குறாங்க. நீங்களே பதில் சொல்லுங்க.”

“சொல்றேன் சார். முதல்ல என் படத்தை எடுத்துடுங்க.”

பெட்டிகள் ஏற்கெனவே அச்சாகிக் கூடம் நிறைய அடுக்கியிருந்தன. அவற்றைத் தூக்கி எறிய முதலாளிக்கு மனம் வரவில்லை. படத்தின் மேல் ஒட்ட ஒரு வில்லை அடித்தார்கள். ஏதாவது உபயோகமாக இருக்கட்டும் என்று அதில் ‘தண்ணீர் புகாது’ என்று போட்டார்கள். ஒட்டும் வேலை யாருக்கு வரும்? எனக்குத்தான். நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்து பின்னால் நின்றாள். அவள் முகத்தின் மேல் நான் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

“கோணலா ஒட்டுறே. ஒரு கண்ணு வெளிய தெரியுது பாரு,” என்றாள். வில்லையை உரித்து எடுத்து, விளிம்பை நகத்தால் நீவி, நேராக ஒட்டிக் காட்டினாள். “இப்படி ஒட்டு.” அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போன பிறகு அந்தப் பட்டுத் துணி என் நாற்காலி முதுகில் கிடந்தது. தேடி வரவில்லை.

பிறகு போனில் உட்கார்ந்தாள். சமாளித்துப் பேசுவாள் என்று முதலாளி நினைத்தார். அவள் கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள்.

“ஆமாங்க, விரிசல்தான். நாங்களே சுட்டு உண்டாக்கினது. என் கண்ணால பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னோடது. கழட்டி அனுப்பிடுங்க, இன்னும் பேந்துக்கும்.”

பாதிப் பேர் திட்டினார்கள். அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். மீதிப் பேர் செய்ததைத்தான் எதிர்பார்க்கவில்லை. ஐஸ்காரர் மனைவி பேசும்போது நான் பக்கத்தில் இருந்தேன். போன் வழியாகவே கேட்டது.

“விரிசல்னு சொல்லாதீங்க. எனக்குப் பிடிக்கல.”

“அம்மா, அது விரிசல்தாம்மா.”

“உங்களுக்கு அப்படித் தெரியலாம். நான் நதியைத்தான் வாங்கினேன். எங்க வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டியாச்சு. இப்ப போய் விரிசல்னு சொல்லச் சொல்றீங்களா?”

“கடிகாரம் நின்னுடுச்சே அம்மா!”

“நின்னா நிக்கட்டும். நான் என்ன மணி பாக்கவா கட்டியிருக்கேன்?”

வேண்டாமக்கா போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். உண்மையைச் சொன்னதற்காக அவர் அவளை வேலையை விட்டுப் போகச் சொன்னபோதும் முகத்தில் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருந்தது. சுழல் நாற்காலியை முதலாளி தன் அறைக்கு நகர்த்திக்கொண்டார்.

அறுவை அவளைத் தேடி வீட்டுக்குப் போனது அதற்கப்புறம்தான். இதை அம்மா எனக்குச் சொன்னாள். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தவன், யாரும் சொல்லாமலே ஜன்னல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தானாம்.

“வெளிச்சம் போதுமா மேடம்?”

“எதுக்கு வந்தீங்க?”

“பாத்துச் சொல்லிடுங்கன்னு வந்தேன். நீங்க சிரமப்பட வேண்டாம், குறையை நானே சொல்லிடறேன். இடது கையில ஒரு விரல் நுனி இல்ல, இயந்திரம் எடுத்துக்கிச்சு. வலது காது கொஞ்சம் மந்தம், அதுவும் இயந்திரம்தான். குறட்டை உண்டு. கோபம் வந்தா சாப்பிட மாட்டேன், ஆனா பசிச்சா கோபம் போயிடும். அப்புறம் பேச்சு. பேச்சு கொஞ்சம் அதிகம்னு சில பேர் சொல்றாங்க. ஏன் அப்படிச் சொல்றாங்கன்னா, சின்ன வயசுல எங்க வீட்டுல…”

அவன் முடிப்பதற்குள் அம்மா ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்து முடித்துவிட்டாளாம். கடைசியில் அம்மாவே குறுக்கே புகுந்தாள். “போதும் தம்பி. இன்னும் பேசினீங்கன்னா எனக்கே மனசு மாறிடும்.”

வேண்டாமக்கா வேண்டாம் என்று சொல்லவில்லையாம். அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். அவள் போட்ட கையெழுத்தில் சுழி இல்லை.

அறுவை இன்னும் எங்கள் பட்டறையில்தான் இருக்கிறான். மறுபடி குறையில்லாத கல்லையே அறுக்கிறோம். இது அச்சு இல்லை, அசல் கல் என்று ஒரு சான்றிதழ் இப்போது கூடவே போகிறது. சான்றிதழ் மிக அழகாக அச்சாகியிருக்கும். வேண்டாமக்காவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை கிடைத்தது. லென்ஸைப் பார்த்து அனுப்ப வேண்டும். நாற்காலி ஆடும், சம்பளம் சுமார், முதலாளி முன்கோபி. ஆனால் கீறல் இருந்தால் கீறல் என்று சொன்னால் போதும். வாங்க வருகிறவர்களும் கீறல் என்றே சொல்கிறார்கள். வீட்டில் இரண்டு பேருக்கும் தினமும் சண்டை. அவன் பேசுகிறான், அவள் பாதியில் எழுந்து போகிறாள், அவன் பின்னாலேயே போய் மீதியைச் சொல்கிறான். அம்மா தையல் இயந்திரத்தை வேகமாக ஓட்டிச் சத்தத்தை மறைத்துக்கொள்கிறாள்.

போன மாதம் நானே அந்தக் கடைக்குப் போனேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, எழுத்து ஆடுகிறது, வயசாகிறது. அவள்தான் லென்ஸைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். வெளிச்சத்தில் நாலைந்தைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்து மாட்டிவிட்டாள்.

“எத்தனை வருஷமா இப்படிக் கண்ணு தெரியாம ஒட்டிக்கிட்டிருந்தே?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் தெரியத்தான் தெரிஞ்சுதுக்கா,” என்றேன்.

மறுநாள் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். காலையில் ஒட்டிய டயல்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலைந்தில் விளிம்பில் பசை பிதுங்கியிருந்தது. பெட்டி கட்டுகிறவன் வந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டான். மதியத்துக்கு முன்பே கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுவிட்டு, சரியாக இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்றேன்.